மழை, வெயில், காலநிலை: செட்டிநாட்டை வைத்தே அடிப்படையிலிருந்து பேசுவோமா?

#1 கானாடுகாத்தான் வளவு

அனைவருக்கும் வணக்கம். சமீபத்தில் ஒரு மணிவிழா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு மழைப் பக்கம் திரும்பியது. இந்த வருஷம் ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. கார்த்திகையில் ஒரே ராத்திரியில் ஊருணிப் படிகள் மறைகிற அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. இதுதான் காலநிலை மாற்றம் என்றார் ஒருவர். அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கிளப்பிவிட்டது, மழை என்றைக்கு நம் சொல் கேட்டது என்றார் இன்னொருவர். இருவரும் படித்தவர்கள்தான். குரல் உயர்ந்ததே தவிர, வானிலை என்றால் என்ன, காலநிலை என்றால் என்ன, எது மாறினால் மாற்றம் என்று சொல்லலாம் என்று யாரும் ஆரம்பிக்கவில்லை.

என் மகள் எட்டாம் வகுப்பு. வீட்டுக்கு வந்ததும் இதைத்தான் கேட்டாள். அவள் பார்த்த படங்களில் பனிப்பாறையும் துருவக்கரடியும் இருக்கின்றன, நம்ம கண்மாயும் ஊருணியும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் நம்ம சீமையை வைத்தே எழுதினால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

#2 தேவகோட்டை டீச்சர்

நல்ல இழை தம்பி. பல வருஷம் புவியியல் எடுத்தவள் என்பதால் நானே தொடங்குகிறேன்.

இதை எழுதும்போது தேவகோட்டையில் முற்பகல். வெயில் சுள்ளென்று இருக்கிறது, வடகிழக்கிலிருந்து லேசான காற்று, கிழக்கே கொஞ்சம் மேகம். இது வானிலை. சாயங்காலத்துக்குள் தலைகீழாக மாறலாம். இதே இடத்தின் வெப்பம், மழை, காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் பல பத்தாண்டுகள் தினமும் எழுதிவைத்து, பொதுவாக எப்படி இருக்கும், எவ்வளவு கூடும் குறையும், எது எப்போதாவதுதான் வரும் என்று பார்த்தால் அது காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 வருஷக் கணக்கு வைத்திருக்கிறது. செய்தியில் 'இயல்பான மழை' என்று சொன்னால் இப்படிப்பட்ட நீண்ட காலச் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சராசரி மட்டுமே காலநிலை இல்லை. 90 செ.மீ. மழை அறுபது நாளில் பெய்வதும் பத்து நாளில் பெய்வதும் சராசரிக் கணக்கில் ஒன்று. கண்மாய்க்கு ஒன்றில்லை.

நம்ம ஊர்க் கணக்கு: தமிழ்நாட்டின் ஆண்டு மழை ஏறத்தாழ 92 செ.மீ. அதில் கிட்டத்தட்ட பாதி, 44 செ.மீ. அளவுக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் மழைக்காலம். அப்போது தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே கேரளத்துப் பக்கம் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம்மிடம் வருவது காய்ந்த காற்று. ஆடி ஆவணியில் சாயங்காலம் இடியோடு பெய்கிறதே, அது பகல் வெயிலில் தரை சுட்டுக் காற்று மேலெழும்பி உருவாகும் மழை. காரைக்குடியில் கொட்டும், கோட்டையூரில் தூசு பறக்கும்.

உங்கள் மகளுக்கு இன்னொன்று: ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் வளவு வீட்டு ஓட்டுக்கூரை 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. மழைக்கு 5,000 லிட்டர். இந்தக் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள். செய்தியில் வரும் எண்ணெல்லாம் அதன் பிறகு கண்ணுக்குத் தெரியும்.

#3 கல்லல் சம்சாரி

டீச்சர் சொல்வது சரி. விவசாயம் பார்க்கும் சம்சாரி பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் புழுதி விதைப்பு. ஆவணி புரட்டாசியில் காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிட்டு மழையை எதிர்பார்ப்போம். முதலில் ஒரு உழவு மழை, அப்புறம் முளைக்க ஒரு மழை, கார்த்திகையில் கண்மாய் பெருக வேண்டும், பிறகு மடைத் தண்ணீரில் கதிர் முற்றும். இந்த வரிசை தப்பினால் மொத்த மழை அதிகமாக இருந்தாலும் வீட்டுக்கு நெல் வராது. முளை வந்த பிறகு இருபது நாள் காய்ந்துபோய், அப்புறம் ஒரே நாளில் வயல் மூழ்குகிற அளவுக்குப் பெய்தால் என்ன செய்வது? கணக்கில் இயல்பான மழை என்று வரும். எனக்கு விதையே போய்விட்டிருக்கும்.

எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. பத்து நாள் கழித்து மழை உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியிருக்க 2100இல் உலகம் இவ்வளவு சுடும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? எனக்கு விளங்கும்படி யாராவது சொல்ல வேண்டும்.

#4 மின்வேதி

அண்ணே, இந்தக் கேள்வியைத் தாண்டாமல் காலநிலையைப் பேசவே முடியாது. காரைக்குடியில் வேதியியல் ஆய்வு வேலையில் இருக்கிறேன். வானிலை என் துறை இல்லை, ஆனால் வெப்பக் கதிர்வீச்சும் வாயுக்களும் தினமும் புழங்குகிற சமாச்சாரம்.

வரும் ஐப்பசியில் எந்தத் தேதி மழை பெய்யும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. காற்று மண்டலத்தில் இன்று இருக்கும் மிகச் சின்ன வித்தியாசம்கூட நாளாக ஆகப் பெருத்து, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குப் பிறகு கணிப்பை ஒன்றுமில்லாமல் செய்துவிடும். எட்வர்ட் லாரென்ஸ் என்ற அமெரிக்க வானிலை விஞ்ஞானி 1960களிலேயே இதைக் காட்டிவிட்டார். ஆனால் வரும் ஐப்பசி, வரும் பங்குனியைவிட ஈரமாக இருக்கும் என்று நீங்களே அடித்துச் சொல்வீர்கள், அதை நம்பித்தான் விதைக்கிறீர்கள். அது எப்படி முடிகிறது? பூமி சாய்ந்து சுற்றுவதும், சூரியன் தெற்கே போவதும், காற்று திசை மாறுவதும் தேதிவாரியான குழப்பத்துக்குக் கட்டுப்பட்டவை இல்லை. காலநிலைக் கணிப்பும் அந்த வகைதான். 2100இல் குறிப்பிட்ட ஒரு நாள் எப்படி இருக்கும் என்று அது சொல்வதில்லை. பூமிக்குள் வரும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் எவ்வளவு என்ற வரவு செலவைப் பார்த்து, வரவு மிஞ்சினால் பொதுவாக எவ்வளவு சூடேறும் என்று சொல்கிறது.

அந்த வரவு செலவு இப்படி. சூரிய ஒளி காற்றைத் தாண்டி வந்து தரையைச் சுடுகிறது. சூடான தரை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை மேலே அனுப்புகிறது. காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். அவை அந்தக் கதிரைத் தடுப்பதில்லை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகியவை அதை உறிஞ்சி, ஒரு பகுதியைத் திரும்பக் கீழேயே அனுப்புகின்றன. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இருப்பதால் 15 டிகிரி. ஆக இந்த வாயுக்கள் நமக்குப் பகை இல்லை, அளவு கூடுவதுதான் பிரச்சினை.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். மார்கழியில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் இரவில் விடிகாலை பனி கொட்டுகிறது, வாசலில் கோலம் போடும்போது கை விறைக்கிறது. அதே மார்கழியில் மேகம் மூடிய இரவில் போர்வையே தேவைப்படாது. பகலில் தரைக்குக் கிடைத்த வெப்பம் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான், இரவில் வெளியே போவதுதான் வேறுபட்டது.

கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடிக்கும் என்பது நேற்று வந்த அரசியல் இல்லை. 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாயில் அந்த வாயுவை அடைத்து வெயிலில் வைத்துக் காட்டினார். 1859இல் ஜான் டிண்டல் அளந்தார். 1896இல் ஸ்வீடனின் அரீனியஸ் காற்றில் அந்த வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். கார் மிக அரிதாக இருந்த காலம் அது.

#5 கோட்டையூர் ஐயா

பொறுமையாக எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனாலும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தாது வருஷப் பஞ்சம் வந்தது 1876இல். அப்போது ஏது பெட்ரோல்? தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பரில். அப்போது யாரும் காலநிலை மாற்றம் என்று சொல்லவில்லை. பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததே, மழை தாறுமாறாக வரும் என்று தெரிந்ததால்தானே? பஞ்சாங்கத்தில் மழைக்கு மரக்கால் கணக்குப் போட்டுவைத்தவர்கள் அவர்கள். சூரியனே சில காலம் அதிகமாகச் சுடலாம். எல்லாவற்றுக்கும் மனிதனைக் காரணம் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

#6 தேவகோட்டை டீச்சர்

ஐயா, நீங்கள் சொன்ன பஞ்சத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதில் நாம் கற்க நிறைய இருக்கிறது.

தாது வருஷத்துக்குப் பின்னால் இருந்தது பசிபிக் பெருங்கடல். அங்கே நடுவிலும் கிழக்கிலும் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலையை எல் நினோ என்கிறோம். 1877இல் அது மிகப் பலமாக இருந்தது, இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மழை பொய்த்ததோடு, இருந்த தானியமும் கப்பலேறிப் போனதால் சாவு பெருகியது. இந்தியாவில் மழையை ஒழுங்காக ஆராய வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பஞ்சங்களும் ஒரு காரணம். 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியது. 1904இல் அதன் பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை, உலகம் பூராவும் இருந்து காற்றழுத்தக் குறிப்புகளைத் திரட்டினார். பசிபிக்கின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். நம் நாட்டு மழையைத் தேடிப் போன வேலையில் உலகத்துக்கே கிடைத்த அறிவு அது.

எல் நினோ வந்தால் வடக்கே தென்மேற்கு மழை குறையும் வாய்ப்பு அதிகம். நமக்கு வடகிழக்கு மழை கூடும் வாய்ப்பு அதிகம். 2015 பலமான எல் நினோ வருஷம், அந்த டிசம்பர் முதல் தேதி சென்னை மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த வருஷமே தலைகீழ். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. கண்மாய்களில் ஆடு மேய்ந்தது. 2023 மறுபடி எல் நினோ. டிசம்பர் 18 காலை வரையான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அந்தச் சீமைக்கு ஒரு முழு வருஷத்தில்கூட அவ்வளவு பெய்வதில்லை.

ஆகவே மழை தானாகவே ஏறி இறங்கும் என்று நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. விஞ்ஞானிகளும் அதை மறுக்கவில்லை. ஒரு வருஷத்து மழையையோ ஒரு புயலையோ காட்டி 'பார், காலநிலை மாற்றம்' என்று சொல்வதும் தப்பு, மார்கழியில் குளிர்கிறதே என்று காட்டி 'எங்கே சூடு' என்று கேட்பதும் தப்பு. இந்த ஏற்ற இறக்கத்துக்கு அடியில் இருக்கும் தளமே மெல்ல உயர்கிறதா என்பதுதான் கேள்வி.

பஞ்சாங்கக் கணக்கு பற்றி: அது பெரியவர்களின் நம்பிக்கை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எந்த ஊருக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பின்னால் சரிபார்க்க முடிகிற வகையில் அது சொல்வதில்லை.

#7 மின்வேதி

> சூரியனே சில காலம் அதிகமாகச் சுடலாம்.

நியாயமான கேள்வி ஐயா, அதனால்தான் முதலில் அதைத்தான் சோதித்தார்கள். 1970களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனிலிருந்து வரும் ஆற்றலை நேராக அளக்கின்றன. 11 வருஷச் சுழற்சியில் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, ஆனால் மேல்நோக்கிப் போகவில்லை. பூமியின் வெப்பமோ அதே காலத்தில் ஏறிக்கொண்டே போகிறது. இன்னொரு அத்தாட்சி இதைவிடப் பலமானது. சூரியன் காரணமென்றால் காற்று மண்டலத்தின் கீழும் மேலும் சூடாக வேண்டும். நடப்பது வேறு: நாம் இருக்கும் கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள அடுக்கு குளிர்கிறது. வெப்பம் கீழேயே பிடித்து வைக்கப்பட்டால்தான் இப்படி வரும்.

கூடியிருக்கும் கார்பன் நம்முடையதா, எரிமலையுடையதா என்பதற்கும் பதில் உண்டு. எரிமலைகள் ஒரு வருஷத்தில் விடுவது மனிதர்கள் விடுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான வருஷம் புதைந்து கிடந்தவை, அவற்றில் கதிரியக்கக் கார்பன்-14 சுத்தமாகச் சிதைந்து போயிருக்கும். அதை எரிக்க எரிக்கக் காற்றில் உள்ள கார்பனில் அந்த வகையின் பங்கு குறைய வேண்டும். குறைந்திருக்கிறது, அளந்திருக்கிறார்கள்.

அளவு எவ்வளவு? அண்டார்டிகா பனிக்கட்டிக்குள் சிக்கிய பழைய காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், தொழிற்புரட்சிக்கு முன்பு பத்து லட்சம் பங்குக் காற்றில் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315. 2024இல் சராசரி ஏறத்தாழ 424. கடந்த எட்டு லட்சம் வருஷப் பனிப்பதிவில் 300ஐச் சுற்றித்தான் உச்சமே இருந்திருக்கிறது.

விளைவு: 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2024இல் உலகச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அளவீடு தொடங்கியதிலிருந்து அதுவே மிகச் சூடான வருஷம். ஒன்றரை டிகிரி என்ன பெரிது என்று தோன்றும். கனடாவையும் வட ஐரோப்பாவையும் பனி மூடியிருந்த கடைசிப் பனியுகத்துக்கும் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்துக்கும் உலகச் சராசரியில் இருந்த வித்தியாசமே 5 முதல் 7 டிகிரிதான். அந்த மாற்றத்துக்குப் பல ஆயிரம் வருஷம் ஆனது.

இந்தியாவில் 1901 முதல் 2018 வரை கூடியது ஏறத்தாழ 0.7 டிகிரி. உலகச் சராசரியைவிடக் குறைவு. நம் காற்றில் மிதக்கும் புகையும் தூசும் வெயிலைக் கொஞ்சம் மறைப்பது அதற்கு ஒரு காரணம். இதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கிறது, அதைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். செய்தால் மறைந்திருக்கும் சூடு வெளியே வரும்.

#8 பள்ளத்தூர் ஆச்சி

எல்லாவற்றையும் வாசித்தேன். எண்ணெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முற்றத்துக்கு நாலு பக்கமும் ஓடு உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழை பிடித்தால் நாலு பக்கத்துத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும். முதல் பத்து நிமிஷத் தண்ணீரை ஆத்தா பிடிக்க விடமாட்டார்கள். ஓட்டில் இருக்கும் தூசும் காக்கை எச்சமும் போகட்டும் என்று அப்படியே வடியவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகுதான் மூலைக்கொரு அண்டா வைப்போம். துணி கட்டி வடித்து, குடிக்க, பருப்பு வேகவைக்க அதுதான். மிஞ்சியது தூம்பு வழியாகத் தெருவுக்குப் போய், தெருவிலிருந்து ஊருணிக்குப் போகும். ஊரையே அப்படிச் சரிவு பார்த்துத்தான் அமைத்திருக்கிறார்கள்.

வெயிலுக்கும் அப்படித்தான். அகலச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, காலுக்குக் குளிர்ச்சியாக ஆத்தங்குடிக் கல். கத்திரி வெயிலில்கூட மத்தியானம் பட்டாலையில் படுத்தால் கண் அசரும். ஆனால் அதற்கு ஒரு சூட்சுமம் உண்டு, அப்பச்சி சொல்வார்கள்: ராத்திரி எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து வீட்டை ஆறவிட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் மூடிவிட வேண்டும். இப்போது ராத்திரியே ஆறுவதில்லை. விடியற்காலை சுவரில் கை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கிறது. ராத்திரி ஆறாத வீடு பகலில் எப்படிக் குளிரும்?

கூழ் வத்தலும் அப்படியே. மாசி பங்குனி என்றால் நம்பி மாவு கரைப்போம். இப்போது பங்குனியில் திடீரென்று இடித்துப் பெய்துவிடுகிறது. ஒரு வருஷத்தை வைத்துச் சொல்லக்கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள், அதனால் வத்தலைப் பற்றி அடித்துப் பேசவில்லை. ராத்திரிப் புழுக்கம் மட்டும் என் உடம்புக்கே தெரிகிறது.

#9 மின்வேதி

ஆச்சி, நீங்கள் சொன்ன ராத்திரி விஷயம் இந்த இழைக்கே முக்கியமானது.

உலக நிலப்பரப்பை மொத்தமாகப் பார்த்தால், கடந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பம் வேகமாக ஏறியிருக்கிறது. வெப்பம் வெளியேறுவது தடைபட்டால் இரவில்தான் அது நன்றாகத் தெரியும். உள்ளூர்க் காரணமும் சேரும்: சுற்றிலும் சிமெண்ட் கட்டடம், தார் ரோடு, வற்றிய ஊருணி, ஒவ்வொரு வீட்டு ஏசியும் தெருவில் துப்பும் சூடு. பள்ளத்தூரில் எது எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமென்றால் அங்கே நீண்ட நாள் பதிவு வேண்டும்.

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். ஒரு வீட்டை யாரும் ஒரு நாள் வானிலைக்காகக் கட்டுவதில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வெயில் அடிக்கும், இந்த மாதம்தான் மழை வரும், ராத்திரி இவ்வளவு ஆறும் என்று தெரிந்துதான் அந்தச் சுவரின் அகலமும், முற்றத்தின் அளவும், ஊருணியின் ஆழமும் தீர்மானமாகின. அந்த நம்பிக்கைதான் காலநிலை. அது நகர்ந்தால் தேக்கும் சுண்ணாம்பும் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வீடு செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. சம்சாரி அண்ணனின் புழுதி விதைப்புக்கும் இதேதான்.

#10 புதுவயல்

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, ஓசோன் ஓட்டையால்தானே சூடு கூடுகிறது? இரண்டு, சீமைக்கருவேலம் காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று வாட்ஸப்பில் வந்துகொண்டே இருக்கிறதே, உண்மையா?

#11 தேவகோட்டை டீச்சர்

ஓசோன் வேறு, இது வேறு. ஓசோன் படலம் புற ஊதாக் கதிரை மறைக்கிறது. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட சில வாயுக்களால் அது மெலிந்தது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த வாயுக்களை நிறுத்தினார்கள், படலம் மெல்லத் தேறிவருகிறது. உலக நாடுகள் சேர்ந்தால் நடக்கும் என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் உதாரணம். கருவேலத்தைச் சம்சாரி தம்பி சொன்னால் நன்றாக இருக்கும்.

#12 கல்லல் சம்சாரி

சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டியே பாதி வயது போய்விட்டது. சொல்கிறேன்.

அது மழையைத் தடுப்பதில்லை. மழை மேகம் வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது, இங்கே நிற்கும் முள்மரம் அதை ஒன்றும் செய்ய முடியாது. அது செய்கிற கெடுதல் வேறு. வேர் ஆழமாக இறங்கி நிலத்தடி நீரைக் குடிக்கும். அதைவிட மோசம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலிலும் கண்மாய் உள்வாயிலும் அடர்ந்து வளர்ந்து, வருகிற தண்ணீரைச் சிதறடித்துவிடும். பெய்த மழை கண்மாய்க்கு வந்து சேராது. அதனால்தான் மழையே இல்லை என்று தோன்றுகிறது. அதே சமயம் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். வெட்டு என்று சொல்வதற்கு முன் அவர்களையும் யோசிக்க வேண்டும்.

எங்கள் கண்மாயில் வரத்துக்காலைச் சுத்தம் செய்த வருஷம் சுமாரான மழைக்கே கலுங்கு தாண்டி மறுகால் போனது. பக்கத்துக் கண்மாய் அதே மழையில் பாதிதான்.

#13 மின்வேதி

அண்ணன் சொன்னதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஒன்று. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது. ஆக, மழை பெய்யும்போது கொட்டுவதற்குச் சரக்கு அதிகம் இருக்கிறது. பெய்யாத நாளில் அதே சூடு மண்ணின் ஈரத்தை வேகமாக இழுக்கிறது. ஒரே காரணத்தால் வெள்ளமும் வறட்சியும் இரண்டும் கூடுவது இப்படித்தான். புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை, வருவதில் பலமானவற்றின் பங்கு கூடும் என்பதே பொதுவான முடிவு. 2018 நவம்பரில் கஜா புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்களுக்குப் பலமான புயல் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

வானிலைத் துறையின் கணக்கில் ஒரே நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6க்கு மேல் மிகக் கனமழை, 204.5க்கு மேல் அதிகனமழை. ஊருணிக்குப் போகும் கால்வாய் எத்தனை மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் என்று நம் ஊர்களில் யாராவது பார்த்திருக்கிறார்களா? பாதி இடத்தில் கால்வாய் மேல் கடை கட்டியாகிவிட்டது.

#14 கோட்டையூர் ஐயா

சூரியனைப் பற்றிச் சொன்னது மனதில் பட்டது, மேல் அடுக்கு குளிர்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. நூற்றைம்பது வருஷமாக நிலக்கரி எரித்துச் சம்பாதித்தது யார்? இப்போது வந்து நீ எரிக்காதே என்று நம்மிடம் சொல்வது என்ன நியாயம்?

#15 மின்வேதி

அநியாயம்தான் ஐயா, இதில் உங்களோடு நிற்கிறேன். ஓர் இந்தியர் ஒரு வருஷத்தில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு சராசரியாக 2 டன் அளவில். ஓர் அமெரிக்கருக்கு 14 டன்னைச் சுற்றி. ஏற்கெனவே சேர்ந்து கிடப்பதில் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது. 1992 ரியோ மாநாட்டு ஒப்பந்தத்திலேயே 'பொதுப் பொறுப்பு, ஆனால் வேறுபட்ட அளவில்' என்று இதை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கொடுப்பதாகச் சொன்ன பணத்தைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆனால் யார் எரித்தாலும் கார்பன் உலகம் பூராவும் கலந்துவிடும், சுடுவது நம் ஊரும்தான். அதோடு நமக்கு வெயில் கொட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் கமுதியில் 2016இலேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. சூரியன் இறங்கிய பிறகு மின்சாரத்துக்கு என்ன செய்வது என்பதுதான் மிச்சமிருக்கும் பெரிய கேள்வி. அதற்கு மின்கலம் வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. மின்கல ஆய்வு அங்கே நடக்கிற முக்கிய வேலைகளில் ஒன்று. யாரோ சொல்கிறார்கள் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை, நம் ஊர்க்காரர்கள் முன்பே போட்டுவைத்த அஸ்திவாரம் இது.

#16 கானாடுகாத்தான் வளவு

எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு மூன்று நாளாகப் படித்துக் காட்டுகிறேன். கூரைக் கணக்கைப் போட்டுவிட்டாள். இப்போது வீட்டிலேயே மழை அளக்க வேண்டும் என்கிறாள். எப்படிச் செய்வது? மொட்டை மாடியில் வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

#17 தேவகோட்டை டீச்சர்

மொட்டை மாடி வேண்டாம் தம்பி. அங்கே காற்று சுழன்றடித்து மழையைத் தள்ளிவிடும், அளவு குறைவாக வரும். முற்றமும் வேண்டாம், ஓட்டுத் தண்ணீர் தெறிக்கும். பின்கட்டுக்கு அப்பால் வெட்டவெளி இருந்தால் அங்கே வையுங்கள். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும்.

பாத்திரம், வாயிலிருந்து அடிவரை ஒரே அகலமாக, அடி தட்டையாக இருந்தால் போதும். அகலம் எவ்வளவு என்பது முக்கியமில்லை, தண்ணீரின் உயரத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் பார்த்தால் அதுதான் மழை. வாய் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும், சாயாமல் இருக்கச் சுற்றிச் செங்கல் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து கொட்டிவிட வேண்டும், வானிலைத் துறையும் அந்த நேரம்தான். மழை இல்லாத நாளும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் பிறகு பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்று தெரியாது.

#18 கல்லல் சம்சாரி

நானும் ஒன்று வைக்கிறேன். கல்லலுக்கும் கானாடுகாத்தானுக்கும் ஒரே நாளில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்த்துவிடலாம். ஆச்சி, பள்ளத்தூரில் விடியற்காலை வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

#19 பள்ளத்தூர் ஆச்சி

எழுதுகிறேன். வெப்பமானியை எந்தப் பக்கம் மாட்ட வேண்டும்?

#20 மின்வேதி

வெயிலும் மழையும் படாத நிழலில், காற்று தாராளமாக வரும் இடத்தில், சுவரை ஒட்டாமல், நாலடி உயரத்தில் ஆச்சி. சுவரில் மாட்டினால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். விடிவதற்குச் சற்று முன்புதான் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும், அந்த எண்ணை எழுதுங்கள். தை முதல் தேதியிலிருந்து தொடங்கலாம். இதே இழையில் மாதா மாதம் பதிவிடுவோம்.